வட்டத்தில் ஒரு கையெழுத்து

பதினேழாவது கேள்வியை நான் போட்டிருக்கக் கூடாது. இதெல்லாம் நடக்கும் முன்பே எடுத்த வினாத்தாள் அது. அப்போது என் மனசில் ஒரு கள்ளமும் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லேசாக இரண்டு மார்க் கிடைக்கட்டும் என்றுதான் போட்டேன். பேக் அவுட், பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க. இப்போது முப்பத்தாறு தலைகள் அதன்மேல் குனிந்திருக்கின்றன, நான் பெஞ்சுகளுக்கு நடுவில் போலீஸ்காரி மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன், தோளில் கைப்பை, கைப்பைக்குள் நாலாய் மடித்த ஒரு காகிதம். மேசைமேல் வைத்துவிட்டு நடக்க வேண்டிய பை. எடுத்து மாட்டிக்கொண்டே நடக்கிறேன், யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. திருடினால் நல்லதுதான், ஒரு பாரம் குறையும். மணி பத்தே முக்கால். பதினொன்றரைக்கு மணி அடிக்கும். அதற்குள் என்னைக் கூப்பிடுவார்களா, மாட்டார்களா. மூன்றாவது பெஞ்சில் முத்துஇசக்கி எழுந்து நிற்கிறாள், பேனாவைக் கடித்துக் கடித்து உதட்டில் நீல மை. "மிஸ், பதினேழு புரியல மிஸ். பேக் அவுட்னா என்ன மிஸ்?" பரீட்சையில் அர்த்தம் கேட்கக் கூடாது என்கிறேன். "மணி அடிச்ச பொறவு சொல்லுவீங்களா மிஸ்?" சொல்லுதேன், இப்ப உக்காரு. உட்கார்ந்துவிட்டாள். வாக்குக் கொடுத்துவிட்டேன், இன்னொன்று. வாய் சும்மா இருக்காது எனக்கு.

சும்மா பின்வாங்குதல் என்று எழுதினால் ஒரு மார்க்தான், வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். நாய் துரத்தினால் பின்னால் போகிறோமே, அது இது இல்லை. பயப்படுகிறவன் எல்லாரும் இதைச் செய்ய முடியாது. இதற்கு முதலில் வாயைத் திறந்து, நான் இருக்கிறேன், என்னை நம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரில் ஒருத்தன் அதை நம்பியிருக்க வேண்டும். அப்புறம்தான் கழன்றுகொள்ள முடியும். கபடிக்குப் பேர் கொடுத்துவிட்டு ஆட்டத்தன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறானே, அவன்தான் என்றேன். வகுப்பே திரும்பிப் பின் பெஞ்சில் ஒருவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான், பாவம், நிஜமாகவே வயிற்றுவலியோ என்னமோ. எவ்வளவு ஜோராகப் பாடம் எடுத்தேன் அன்றைக்கு. சாக்பீஸைச் சுண்டி எறிந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு. கடைசிப் பெஞ்சில் ஒரு பிள்ளை பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கிறது, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மேலே மின்விசிறியைப் பார்க்கிறது. பாரம்மா பார், இன்றைக்கு நான் யாரையும் பிடிக்கிற யோக்கியதையில் இல்லை.

ஜன்னலுக்கு வந்துவிட்டேன், கால் தானாக இங்கேதான் வருகிறது. மாடியிலிருந்து மைதானம் முழுதும் தெரியும். எதிரே ஆபீஸ், அதன் வராந்தாவில் தண்ணீர்த் தொட்டி, சங்கிலியில் கட்டின எவர்சில்வர் டம்ளர். இடது பக்கம் கேட். கேட்டுக்கு வெளியே பாலத்துச் சுவரில் பேச்சிமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, மடியில் குடை. இருபத்தாறு வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் குடுவை கழுவின மனுஷன் பன்னிரண்டு நாளாகக் கேட்டுக்கு வெளியே. லேபில் கேஸ் குழாய் கசிந்து குப்பென்று பிடித்து, பிளஸ் டூ பையன் ஒருவனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. பையன் தேறிவிட்டான், கையும் ஆறுகிறது. ஆனால் அண்ணாச்சி வால்வை மூடாமல் போனார் என்று ஆபீஸ் சொல்கிறது, இன்றைக்கு விசாரணை, சாயங்காலம் வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். குழாய் கசிவதை மூன்று தடவை எழுதிக் கொடுத்தார் அண்ணாச்சி. இரண்டு தடவை அவரே கோழிக்கிறுக்கலாய்த் தமிழில். மூன்றாவது தடவை என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல போனாத்தான் ஆபீஸ்ல படிக்காவ." எழுதிக் கொடுத்தேன், நல்ல வெள்ளைத் தாளில், கசிவு, ஆபத்து, உடனடி எல்லாம் போட்டு. அவர் அதைத் தாளாளர் அறையில் கொண்டுபோய் வைத்தார், வாசலில் நின்று நானே பார்த்தேன். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்கிறார்கள் இப்போது. மற்ற டீச்சர்கள் அவர் சொல்லக் கேட்டவர்கள். எழுதினவள் நான், வைத்ததைப் பார்த்தவளும் நான்.

கடிதம் போனது உண்மை, அண்ணாச்சி மேல் தப்பில்லை என்று ஒரு மனு எழுதி ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஸ்டாஃப் ரூமில். மனுவைத் தமிழய்யா நம்பிராஜன் கணீரென்று வாசித்து முடித்ததும் ஏழு பேரும் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பேர் யார்? முதலில் போடுகிறவர்தான் தலைவர், தூண்டிவிட்டவர், அடி முதலில் அவருக்குத்தான். அப்போது நான்தான் என் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துத் தாளில் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றினேன். இதைச் சுற்றிப் போடுங்க, எது முதல் எது கடைசின்னு எந்த ராசாவும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் சிரித்தார்கள். மூடியில் ஒட்டியிருந்த எலுமிச்சைச் சாதத்து எண்ணெயால் தாளில் மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது. அய்யாகூட, "புஷ்பம் டீச்சர், ஒங்க மூளைக்கு நீங்க கலெக்டரா இருக்கணும்" என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். என் பேர், தங்கபுஷ்பம் ஜெபராஜ், ஆவுடையக்கா பேரை ஒட்டி வந்தது. ஆவுடையக்கா என்றால் கணக்கு ஆவுடையம்மாள் டீச்சர், முப்பது வருஷ சர்வீஸ், யாருக்கும் குரலை உயர்த்த மாட்டாள். போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள், ஈரக் கை. வட்டத்தில் போட்டதால் முதலில் போட்டவர் இல்லை, சரி. முதலில் கழல்கிறவர் ஒருத்தர் இருப்பாரே, அதை யோசிக்கவில்லை நான். கலெக்டர் மூளை.

தண்ணீர் யோசனை அய்யாவுடையது. ஒவ்வொருத்தராகத்தான் கூப்பிடுவார்கள், பேசிக்கொள்ள விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுபோலவே இன்று பரீட்சையை வைத்து எங்களை ஏழு அறையில் பிரித்துப் போட்டு, செல்போனை எல்லாம் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போய் உறுதியாய் நின்றவர் வெளியே வந்ததும் தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்; எல்லா அறை ஜன்னலுக்கும் அது தெரியும்; ஏடாகூடமாய் ஆகிவிட்டால் குடிக்காமல் நடந்துவிட வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, தலையாட்டினோம். காலையில் அய்யாதான் முதலில் போனார். திரும்பும்போது இரண்டு டம்ளர் குடித்து, மீசையை வேறு துடைத்தார், நாடகத்தில் குடிப்பதுபோல. அடுத்து பிசிக்ஸ் சார், அவரும் குடித்தார். இப்போது ஆவுடையக்கா உள்ளே இருக்கிறாள். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அய்யாவுக்கு நாலு நிமிஷம்தான். காலையில் ஆயா செல்லக்கனி ஸ்டாஃப் ரூமில் டீ ஊற்றிக்கொண்டு வந்தபோது ஆவுடையக்கா தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். என்னக்கா, டீயோட சண்டையா என்றேன். என்னமோ சொன்னாள், கையைக் காட்டினாள். நான் பைக்குள் விரலை விட்டு, காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது.

நேற்று சாயங்காலம் எழுதினேன் அதை. என் வீட்டுக்காரர் ஜெபராஜ் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆறு வருஷமா ஒன் அப்ரூவல் ஃபைல் தாளாளர் மேசைலதான் கெடக்கு. ஒரு கையெழுத்து அவர் போட்டா நீ டீச்சர், போடலன்னா அடுத்த ஜூன்ல நீ யாரோ. எழுதி வச்சுக்கோ. குடுக்கணும்னா குடு, இல்லன்னா கிழிச்சுப் போடு, நான் கேக்க மாட்டேன்" என்றார். கேட்க மாட்டாராம். காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது கண்ணாலேயே கேட்டார். உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் அப்ரூவல் வராத டீச்சர் என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி கணக்குத்தான், எழுந்து போ என்று சொல்லும்வரை உட்கார்ந்திருக்கலாம். எழுதினேன். மேற்படி ஆங்கிலக் கடிதத்தை நான் எழுதவில்லை, சக ஆசிரியர்களின் வற்புறுத்தலின் பேரில் மனுவில் கையெழுத்திட்டேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று வரி. மூன்றும் பொய். எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு கோடு கிழித்துக்கொண்டேன்: நான் முதல் ஆளாய்க் கழல மாட்டேன். எல்லாரும் நின்றால் நானும் நிற்பேன், சத்தியமாய். எனக்கு முன்னால் யாராவது ஒருத்தர் சாய்ந்தால், அதற்கப்புறம் வட்டம் ஏது, அப்போது நான் கொடுத்தால் அது துரோகம் இல்லை. இப்படிக் கோடு கிழித்ததும் தூக்கம் வந்தது. எவ்வளவு நியாயமாய்ப் பேசுகிறது இந்த மனசு, வக்கீல் தோற்றான்.

வந்துவிட்டாள். ஆவுடையக்கா படியிறங்குகிறாள், பச்சைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. தொட்டிப் பக்கம் வருகிறாள். குடி அக்கா. குடி. தொட்டிக்கு நேரே வந்து ஒரு நொடி நிற்கிறாள், கழுத்தைத் தூக்கி மாடி ஜன்னல்களைப் பார்க்கிறாள், டம்ளரைப் பார்க்கிறாள். குனிந்துகொண்டு நடந்துவிட்டாள். குடிக்கவில்லை. நான் சரியாகத்தான் பார்த்தேனா, குடிக்கவில்லை. மைதானத்தில் அவள் நிழல்கூடக் கட்டையாய் அவளுக்குக் கீழேயே போகிறது. ஆவுடையக்காவா! போன வருஷம் ஒரு பிள்ளையின் மார்க்கைத் திருத்தச் சொன்னதற்கு நாலு நாள் ஹெச்.எம். முகத்தில் விழிக்காதவளா! ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்குள்ளேயாவது. அவள் தொட்டியைத் தாண்டினபோது எனக்கு அதிர்ச்சி வருவதற்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. உடம்பெல்லாம் லேசாயிற்று. அவளே சாய்ந்தாள், நான் எம்மாத்திரம். அதை எதிர்பார்த்தே ஜன்னலில் நின்றிருக்கிறேன் போல. கேட்டுக்கு வெளியே அண்ணாச்சி குடையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றி வைக்கிறார். அவருக்கும் தண்ணீர் விஷயம் தெரியும், அய்யா சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் அசையவில்லை, தலையில் கை வைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார். அது ஏன் என்று ஒரு கேள்வி எழும்புகிறது, ஈ மாதிரி, அதைக் கையால் ஓட்டிவிடுகிறேன்.

செல்லக்கனி கதவில் நிற்கிறாள், பின்னால் பி.டி. சார். "டீச்சர், ஒங்கள வரச் சொன்னாவ." பிள்ளைகளை அவரிடம் விட்டுப் படியிறங்குகிறேன். கிழித்துப் போட இன்னும் நேரம் இருக்கிறது. மைதானம் தாண்டும் வரை நேரம் இருக்கிறது. ஆவுடையக்காவின் அறையைத் தாண்டும்போது உள்ளே பார்க்கவில்லை நான், பார்த்தால் கேட்டுவிடுவேன், கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாள். தாளாளர் அறையில் ஊதுபத்தி வாசனை, ஏ.சி. குளிர். எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார், மரியாதைக்காரர். மேசையில் எங்கள் மனு, வட்டம், எண்ணெய்க் கோடு. அதன் பக்கத்தில் ஒரு பழுப்பு ஃபைல், மேலே என் பேர். அதை அவர் தொடவில்லை, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஒக்காருங்க டீச்சர். அந்த இங்கிலீஷ் லெட்டர் சமாச்சாரம், நீங்களே சொல்லுங்களேன், என்ன நடந்துது?" மிரட்டவில்லை. யார் நின்றார், யார் சாய்ந்தார் என்று சொல்லவுமில்லை. நான் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து இரண்டு வரி உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை பைக்குள் போய்விட்டது, மேசையில் அந்தக் காகிதம் இருந்தது, நானே நாலு மடிப்பையும் நீவிவிட்டுக் கொடுத்தேன். படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம்கூட இல்லை, இவ்வளவு லேசாகவா என்பதுபோல் இருந்தது. "சரி டீச்சர். போயி பரீட்சையப் பாருங்க." மூன்று நிமிஷம். அய்யாவைவிடச் சீக்கிரம்.

வெளியே வெயில் முகத்தில் அறைகிறது. ஏ.சி.யிலிருந்து வந்ததாலோ என்னவோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொட்டி. சங்கிலி. டம்ளர். குடிக்கக் கூடாது நான், குடிக்காமல் நடக்க வேண்டும், அதுதான் பேச்சு. ஏழு அறை ஜன்னலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்படியே நடந்தால் இனி ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். தாகம்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க ஒரு மனுஷிக்கு உரிமை இல்லையா. குழாயைத் திறந்துவிட்டேன். டம்ளர் நிறைகிறது. குடிக்கிறேன், கழுத்தில் வழிகிறது, இன்னொரு டம்ளரும் குடிக்கிறேன். சில்லென்று உள்ளே இறங்குகிறது, எதையும் கழுவவில்லை. மாடிக்கு வந்து பி.டி. சாரை அனுப்பிவிட்டு மறுபடியும் ஜன்னல். அடுத்தவர் போகிறார், வருகிறார், தண்ணீர் குடிக்கிறார். அதற்கடுத்தவர், தண்ணீர். கடைசியாய்ச் சின்னவள், போன வருஷம் சேர்ந்த பயாலஜி டீச்சர், எங்கே அழுதுவிடுவாளோ என்று நாங்கள் பயந்த பிள்ளை. அவளும் வந்து குடித்துவிட்டு, டம்ளரை வைக்கும்போது நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். அப்போதுதான் அந்த ஈ திரும்பி வந்து உட்கார்கிறது. கவிழ்த்து வைத்த டம்ளர். நீட்டிக் காட்டின கை, அந்த மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு. இன்றைக்கு என்ன, சஷ்டி தொடங்கி மூன்றாம் நாள். திருச்செந்தூர் முருகனுக்கு ஆறு நாளும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறவள் ஆவுடையக்கா, ஆறு வருஷமாய்ப் பார்க்கிறேன், எச்சிலையாவது விழுங்குவீங்களா அக்கா என்று வருஷா வருஷம் கேலி செய்கிறவளே நான்தான். அண்ணாச்சிக்குக்கூட அது ஞாபகம் இருந்திருக்கிறது, அதனால்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு முன்னால் தலையாட்டினபோது யாருக்கும் சஷ்டி ஞாபகம் வரவில்லை. சரி, அன்றைக்கு வரவில்லை. இன்று காலையில்? கண்ணெதிரே கயிற்றைக் காட்டினாளே. எனக்குத் தெரியாதா? தெரிய வேண்டாம் என்று இருந்தேனா?

மணி அடித்துவிட்டது. பேப்பரை வாங்குகிறேன், வரிசை எண் மாறிப் போகிறது. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே போக, அவர்களுக்கு எதிரே ஆவுடையக்கா வருகிறாள், தன் அறைப் பேப்பர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உதடு வெடித்து, கண் பளபளவென்று. "புஷ்பம், எனக்குத் தண்ணி குடிக்க முடியல பாத்துக்கோ, காப்புக் கட்டியிருக்கேன்லா. தொட்டிட்ட நின்னு தவிச்சுப் போனேன். மத்தவுக என்ன நெனைப்பாவளோன்னு பயந்தேன், ஒனக்குத் தெரியும், காலைலயே கையக் காட்டிட்டேன்னு ஒரு தைரியம். பத்து நிமிசம் கொடஞ்சு எடுத்தாவ, நான் அசையல. நீ குடிச்சதப் பாத்த பொறவுதான் எனக்கு உசிரே வந்துது. ஒன் எழுத்துதான அவரக் காப்பாத்தணும்." தோளைத் தட்டுகிறாள். பேப்பர் கட்டுக்கு நூல் சுற்றுகிறேன், சுற்றின இடத்திலேயே மறுபடியும் சுற்றுகிறேன். "இரு, அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருதேன், பாவம் வெயில்ல கெடக்காவ" என்று திரும்பிவிட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம். கூப்பிட வேண்டும், இப்போதே, மைதானத்தின் பாதியைத் தாண்டுவதற்குள். "மிஸ்" என்கிறாள் முத்துஇசக்கி, பையை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில், "மணி அடிச்சிட்டு மிஸ். இப்பச் சொல்லுங்க, பேக் அவுட்னா என்ன?" ஜன்னலில் பச்சைச் சேலை கேட்டை எட்டிவிட்டது. ஏதோ சொல்கிறாள், மாடியைக் காட்டுகிறாள். அண்ணாச்சி எழுந்திருக்கிறார், குடை கீழே விழுகிறது, அதை எடுக்காமல் என் ஜன்னலை நோக்கி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறார். கையை இறக்கவே மாட்டேன் என்கிறார். இசக்கி இன்னும் பக்கத்தில் நிற்கிறாள்.